யாரும் பணம் கட்டாத குதிரை

1

என் மனைவி ரெஜினா போய் மூன்று வருஷம் முடிந்தது. இந்தத் தடவை அவளுடைய நினைவு நாள் சனிக்கிழமையில் வந்து விழுந்தது. கொடைக்கானலில் இருந்திருந்தால் காலையில் பூசை, அப்புறம் கல்லறைக்குப் போய் மாலை போட்டு மெழுகுவர்த்தி கொளுத்துவது, மத்தியானம் சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு என்று நாள் தன்னால் நகர்ந்துவிடும். யாராவது அழுவார்கள். யாராவது குழம்பில் உப்புக் குறை என்பார்கள். இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில், கல்லறைக்குப் பூ எடுத்துப் போய் வைத்துவிட்டு வீடு திரும்பியபோது காலை உணவுக்கான நேரம்கூடத் தாண்டியிருக்கவில்லை. மீதி நாள் முழுசாகக் கிடந்தது.

அண்ணன் சின்னப்பன் போன் பண்ணினார். அறுபதைத் தாண்டியும் கொடைக்கானல் ஏரியில் சுற்றுலாக்காரர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறவர். அன்று அவர் ஏரிக்குப் போகவில்லை.

"பூசை வெள்ளனே முடிஞ்சிருச்சுலே. சாமியார் அவ பேரச் சரியா வாசிச்சாரு. போன வருசம் மாதிரி ரோசலின்னு சொல்லல."

"நல்லதுண்ணே."

"நீ என்ன பண்ணப் போற இன்னிக்கு?"

"குதிரைப் பந்தயத்துக்குப் போகலாம்னு இருக்கேன்."

அண்ணன் மெதுவாகக் கேட்டார். "குடிக்கிறியாடா?"

"இல்லண்ணே. ரெஜினா சனிக்கிழமை சனிக்கிழமை பணம் கட்டுவாள்ல, அதேதான். இம்புட்டு நாளும் பந்தயக் கடையிலதான் கட்டிக்கிட்டு இருக்கேன். இன்னிக்கு நேர்ல போயிப் பாத்துட்டு வருவம்னு."

"போ. போயிட்டு வெரசா வந்துரு. குளுருல நிக்காத."

அவ்வளவுதான் பேச்சு. அவர் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தேன். இந்த வீட்டில் அன்றைக்குப் பேசப்பட்ட தமிழ் அது மட்டும்தான்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் பந்தயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சென்னையிலும் ஊட்டியிலும் நடப்பது தட்டைத் தரையில் ஓடுவது. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இங்கே குளிர்காலத்தில் நடப்பது தாண்டு பந்தயம். மைல் கணக்கில் சேற்றில் ஓட வேண்டும். வழியில், குச்சிகளை நெருக்கிக் கட்டி நெஞ்சு உயரத்துக்கு நிறுத்திய வேலிகள் வரும். ஒவ்வொன்றையும் குதிரை தாண்ட வேண்டும். தாண்டும்போது விழுவது, மேலே இருப்பவரை உதறுவது, முடியாமல் பாதியிலேயே நின்றுவிடுவது எல்லாம் வழக்கம். கிளம்புவதில் பாதி வந்து சேர்ந்தால் பெரிது.

எந்தக் குதிரை ஜெயிக்க வாய்ப்பே இல்லையோ, அதற்குத்தான் அதிக விலை. ஒரு பவுண்டு கட்டி, அது ஜெயித்தால் நூறு தருவார்கள். ஜெயிக்காது என்று அவர்களுக்கும் தெரியும், கட்டுகிறவர்களுக்கும் தெரியும். ரெஜினா அந்தக் குதிரைக்குத்தான் கட்டுவாள். ஒரு வாரமும் மாறியதில்லை.

அவள் இங்கே மருத்துவமனையில் நர்ஸ். நானும் வந்து சேர்ந்த புதிதில், பெரிய பந்தயம் ஒன்று நடந்த நாளில், வார்டில் எல்லாரும் குதிரைகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்தார்கள். இவளுக்கு வந்த குதிரையின் பெயர் 'அங்கிள்ஸ் அம்ப்ரெல்லா'. மாமாவின் குடை. இவளுக்குப் பாவம் பார்த்து எல்லாரும் சிரித்தார்களாம். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"எல்லாக் குதிரையும் வந்து சேந்துருச்சுங்க. ஜெயிச்சவனுக்கு முத்தம் குடுத்து, டிவில பேட்டியும் எடுத்துட்டாங்க. நம்மளுது மட்டும் அங்கிட்டுத் தனியா வந்துக்கிட்டு இருக்கு. கடைசி வேலிய எம்புட்டு அழகாத் தாண்டுச்சு தெரியுமா. பாக்கத்தான் ஆளில்ல."

அடுத்த சனிக்கிழமை, பந்தயக் கடை ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே போய்விட்டாள். முழுக்க ஆண்கள் நின்ற கடையில் கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூர்க்காரி ஒருத்தி, கையில் காய்கறிப் பையோடு. "ஜெயிக்கிறதுக்கு ஊரே கட்டுது. இதுக்கும் ஒரு ஆள் வேணும்ல" என்பாள். இருபது வருஷத்துக்கு மேல் கட்டினாள். ஒரே ஒரு தடவை அவளுடைய குதிரை மூன்றாவதாக வந்தது. அன்று கோழி வாங்கி, அந்தக் குதிரையின் பெயரைச் சொல்லிச் சொல்லியே மசாலா அரைத்தாள்.

அவளுக்குக் காய்ச்சலாக இருந்த ஒரு வாரம் என்னை அனுப்பினாள். கவுன்டரில் இருந்த பெண் "ஈச் வே?" என்று கேட்டாள். ஜெயித்தாலும் காசு, முதல் சில இடங்களுக்குள் வந்தாலும் கொஞ்சம் காசு என்பதற்கு அப்படிப் பெயர். எனக்கு அது தெரியாது. பேருந்தில் போக வர டிக்கெட்டா என்று கேட்கிற மாதிரி இருந்தது. "வேண்டாம், வீடு பக்கத்தில்தான், நடந்தே போய்விடுவேன்" என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வீட்டில் வந்து சொன்னதும் ரெஜினா போர்வைக்குள் கிடந்து, இருமல் வருகிறவரைக்கும் சிரித்தாள்.

இப்போது அந்தப் பெண் இல்லை. சுவரில் இருக்கும் எந்திரத்தில் விரலால் தொட்டே கட்டிக்கொள்ளலாம். தப்பாகச் சொன்னாலும் எந்திரம் சிரிப்பதில்லை.

3

குதிரை எங்களுக்குப் புதிது இல்லை. எங்களைச் சேர்த்து வைத்ததே ஒரு பந்தயக் குதிரைதான்.

நாங்கள் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். நான் பிறந்தது அங்கே கூலிகளுக்குக் கட்டிய ஒரு லயத்து அறையில். கொடைக்கானல் மலைக்கு வந்தபோது சின்னப் பிள்ளை. பேத்துப்பாறையில் அப்பாவுக்கு மரம் வெட்டும் கூலி வேலை. இருபது வருஷம் அங்கே இருந்த பிறகும் வேலைக்குக் கிளம்புவதைத் தோட்டத்துப் பேச்சில் 'பெரட்டுக்குப் போறேன்' என்றுதான் சொல்வார். மரம் வெட்டு குறைந்ததும் அண்ணன் ஏரிக்குப் போய் இன்னொருவர் குதிரையைப் பிடித்தார். பிறகு கடன் வாங்கிச் சொந்தமாக ஒன்று. நானும் கூடவே போனேன். செண்பகனூரில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்துக் குதிரைகளைக் கட்டினோம்.

ஏரியில் சவாரி போகும் குதிரைகளில் சில, பெங்களூரிலும் சென்னையிலும் பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவை. லாரியில் மலையேறி வரும். எங்களுக்கு வந்ததன் காகிதத்தில் என்னவோ நீளமான பெயர் இருந்தது. நாங்கள் மைக்கேல் என்று கூப்பிட்டோம். சாதுவான குதிரை. குழந்தையை ஏற்றினால் முட்டையைச் சுமப்பதுபோல நடக்கும். ஒரே ஒரு கோளாறு. இன்னொரு குதிரை பின்னாலிருந்து முந்தினால் பொறுக்காது.

ஒருநாள் மதுரையிலிருந்து வந்த புது மாப்பிள்ளை ஒருவர் ஏறி உட்கார்ந்தார். கடிவாளம் என் கையில். பின்னால் வந்த ஒரு காலேஜ் பையன் தன் குதிரையைத் தட்டி விட்டான். அது எங்களைத் தாண்டிய மறு நொடி கடிவாளம் என் கையில் இல்லை. மைக்கேல் அந்தக் குதிரையை முந்தியது. அதற்கு முன்னால் போனதையும் முந்தியது. ஏரிச் சாலையில் இருந்த அத்தனை குதிரைகளையும் முந்திவிட்டு, படகுத் துறைக்குப் பக்கத்தில் போய்த் தானாகவே நின்று, பரிசு கொடுக்க ஆள் வருவார்கள் என்பதுபோலத் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை இரண்டு கையாலும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளங்கைத் தோலெல்லாம் உரிந்திருந்தது. என் பின்னாலேயே ஓடி வந்த புதுப்பெண் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

விடுமுறைக்கு ஏரிக்கு வந்திருந்த நர்ஸ் பிள்ளைகளில் ஒருத்தி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையைக் கழுவிக் கைக்குட்டையால் கட்டினாள். கட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"குதிரைக்கு ஒண்ணும் ஆகலையே?"

மாப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு வேறென்னவோ வந்துவிட்டது. அவள்தான் ரெஜினா.

4

கல்யாணமாகி, ஜெனிதா பிறந்து, அவளுக்கு நாலு வயதாகும்போது ரெஜினாவுக்கு இங்கே வேலை வந்தது. முதலில் அவள் வந்தாள். பிறகு நானும் பிள்ளையும்.

எனக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. விரிப்புகளைப் பிரித்து எந்திரத்தில் போட வேண்டும். மொழி தேவையில்லாத வேலை என்று சந்தோஷப்பட்டேன். அதுவே பிறகு கஷ்டமானது. நாள் முழுக்க எந்திரத்தின் சத்தம் மட்டும்தான்.

குடியுரிமைக்குப் போனபோது அலுவலகத்தில் ஒரு அம்மா என் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்தார். பிறந்தது சிலோன். பாஸ்போர்ட் இந்தியா. "அப்படியென்றால் நீங்கள் இலங்கையரா?" இல்லை என்றேன். "இந்தியாவில் பிறந்தீர்களா?" இல்லை. "எங்கே என்று நீங்களே முடிவு செய்து சொன்னால் நல்லது" என்றார். கோபமாக இல்லை, உதவி செய்கிற தோரணையில்தான்.

பக்கத்து ஊரில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கருவாடு, மிளகாய்த்தூள், முருங்கைக்காய் எல்லாம் அங்கேதான். முதல் தடவை போனபோது "அண்ணை, நீங்கள் எவடம்?" என்று கேட்டார்.

"கொடைக்கானல்."

"ஓ, இந்தியாவோ. கதைக்கிறது கொஞ்சம் எங்கட மலைநாட்டு ஆக்கள் மாதிரியும் கிடக்கு."

அப்பாவின் பேச்சு என் வாயில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது போல. பில் போட்டுக் கொடுத்தார், ஒரு கைப்பிடி கருவேப்பிலை சும்மா போட்டார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச எதுவும் அகப்படவில்லை. ரெஜினா இருந்தவரை இதையெல்லாம் வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்வேன். சொன்னால் அது ஒரு கதை ஆகிவிடும். இப்போது நடப்பது எதுவும் கதை ஆவதில்லை. நடக்கிறது, முடிகிறது.

5

ஜெனிதாவின் தமிழ் நாலு வயதில் நின்றுவிட்ட தமிழ். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவாள். வளர்ந்த பிறகு வந்த கோபம், வேலை, காதல் எதற்கும் அவளிடம் தமிழ் இல்லை. எனக்கு அவற்றுக்கு ஆங்கிலம் இல்லை. ரெஜினாதான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசுவாள். அவள் போனதும் நாங்கள் இருவரும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

ஜெனிதா இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் ஒரு நகரத்தில் இருக்கிறாள். பாலும் முட்டையும்கூடச் சாப்பிடுவதில்லை. அம்மா செத்த வருஷம் ஒரு சனிக்கிழமை திடீரென்று வந்தாள். நான் டிவியில் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்றாவது வேலியில் ஒரு குதிரை மூக்கு தரையில் குத்த விழுந்தது. மற்றவை போய்விட்டன. அது எழுந்திருக்கவில்லை. நாலைந்து பேர் ஓடி வந்து அதைச் சுற்றிப் பச்சைத் துணியில் திரை கட்டினார்கள். கேமரா வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"அப்பா, அந்தத் துணி எதுக்கு?"

"டாக்டர் பாப்பாங்கம்மா. அதுக்காக."

"பாத்து?"

எழ முடியாத குதிரையைத் திரைக்குப் பின்னால் அங்கேயே கொன்றுவிடுவார்கள். அவளுக்குத் தெரிந்துதான் கேட்டாள். "அம்மா போனதுக்கு அப்புறமும் இதுக்குக் காசு போடறீங்களா?" என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை. ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொன்னாள். எனக்குப் பாதி புரிந்தது. கொலை என்ற வார்த்தை புரிந்தது. டீயைக் குடிக்காமலே போய்விட்டாள். அதன் பிறகு வாரம் ஒரு தடவை வந்த போன், மாசம் ஒரு தடவை ஆனது.

அவளுக்கு ஒன்றைச் சொல்லியிருக்கலாம். சொல்லும் அளவுக்கு வார்த்தை என்னிடமும் இல்லை. மைக்கேல் செத்தது அவள் கைக்குழந்தையாக இருந்தபோது. ஐப்பசி மழை. ஏரியில் ஆளே இல்லாததால் வெள்ளனே திரும்பி, செண்பகனூர் இறக்கத்தில் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மூடுபனியில் எதிரே வந்த வேன் ஒன்று சட்டென்று விளக்கைப் போட்டது. மைக்கேல் மிரண்டு பின்வாங்கியது. ஈரத் தாரில் லாடம் வழுக்கி, பின்னங்கால் ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது.

கால்நடை டாக்டருக்கு ஆள் போயிருந்தது. டவுன் பஸ் வந்து நின்றது. பஸ்ஸுக்குப் போக வழி இல்லை. ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை, எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். பஸ்ஸில் வந்தவர்கள், கடைக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். யாரும் பேசவில்லை. அதே பஸ்ஸில் வேலை முடிந்து வந்த ரெஜினா வெள்ளைச் சேலையோடு சாலையில் உட்கார்ந்து மைக்கேலின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு பெரியவர் தன் குடையைப் பிரித்துக் குதிரைக்கு மேல் பிடித்தார். டாக்டர் வந்து ஊசி போடும்வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றார். அவர் நனைந்துகொண்டிருந்தார்.

திரை கட்ட வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

6

பந்தயத் திடலுக்குப் போகும் பேருந்தில் எல்லாரும் தடிமனான கோட்டும் தொப்பியுமாகச் சந்தோஷமாக இருந்தார்கள். இறங்கினேன். வாசலுக்கு எதிர்ப்பக்கம், சாலையோரத் தடுப்புக்குப் பின்னால் கொஞ்சம் பேர் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செத்த குதிரைகளின் படம் போட்ட அட்டைகள். யாரும் கத்தவில்லை. போகிறவர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் போனார்கள். நானும் அப்படித்தான் போயிருப்பேன். ஆனால் ஒரு நீலக் கோட்டு கண்ணில் பட்டது. முழங்கையில் வேறு நூலால் தைத்த கோட்டு. தைத்தது நான்தான். ரெஜினாவின் கோட்டு.

அதைப் போட்டுக்கொண்டிருந்தது ஜெனிதா.

அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். அட்டையைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் தடுப்பைச் சுற்றி வந்தாள்.

"அப்பா. நீங்க உள்ள போறீங்களா?"

"ஆமாம்மா."

"இன்னிக்கா? அம்மா நாள்ல?"

"அம்மா நாளுங்கறதாலதான்."

அவள் உதட்டைக் கடித்தாள். "நானும் அதனாலதான் வந்தேன்."

எனக்குப் புரியவில்லை. "அம்மாவுக்கு இது பிடிக்கும்மா. உனக்குத் தெரியாதா? வாரா வாரம் கட்டுவாளே."

"தெரியும். ஆனா உங்களுக்கு ஒண்ணு தெரியாது." தமிழில் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைத் தேடினாள். நான் காத்திருந்தேன். "அம்மா ஆஸ்பத்திரில இருந்தாங்கல்ல, கடைசில. டிவி ஓடிச்சு. ரேஸ். ஒரு குதிரை விழுந்துச்சு. துணி கட்டினாங்க. அம்மா என் கைய புடிச்சுட்டாங்க. 'அந்தத் துணிய எடுக்கச் சொல்லு, அது தனியாக் கெடக்கும்'னு சொன்னாங்க. நர்ஸ் வந்தாங்க. அவங்ககிட்டயும் சொன்னாங்க. தமிழ்லயே. திரும்பத் திரும்ப."

"நான் எங்க இருந்தேன்?"

"டீ வாங்கப் போனீங்க. நீங்க வர்றதுக்குள்ள தூங்கிட்டாங்க."

சாலையில் கார்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரே வீட்டில் படுத்து எழுந்த அத்தனை வருஷத்தில் ரெஜினா அந்தத் திரையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. குதிரை விழுந்தால் எழுந்து சமையலறைக்குப் போவாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

"போங்கப்பா" என்றாள் ஜெனிதா. "நான் தடுக்கல. ஆனா நான் இங்கதான் நிப்பேன்."

அவளோடு நின்றிருக்கலாம். கால் அந்தப் பக்கம் திரும்பவும் செய்தது. ஆனால் நான் கையில் அட்டை பிடித்து நிற்பது, அத்தனை சனிக்கிழமைகளும் ரெஜினா செய்தது தப்பு என்று சொல்வதுபோல இருக்குமோ என்று பட்டது. உள்ளே போனேன்.

7

பட்டியலில் விலை அதிகமான குதிரையின் பெயர் 'மண்டே வாஷிங்'. திங்கட்கிழமை துவைக்கிற துணி. சலவைக்காரனுக்கு ஏற்றதுதான். ஒரு பெட்டி மேல் ஏறி நின்று பணம் வாங்கிக்கொண்டிருந்தவரிடம் பெயரைச் சொன்னேன். நான் உச்சரித்தது சரியில்லை என்று நினைத்து இரண்டு தடவை கேட்டார். பிறகு தோளைக் குலுக்கி, சீட்டைக் கொடுத்தார்.

கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில், முதல் வேலிக்கு நேராக இடம் பிடித்தேன். டிவியில் தெரியாத ஒன்று, அந்தச் சத்தம். குதிரைகள் வருவதற்கு முன்னால் தரைதான் முதலில் வருகிறது, செருப்பு வழியாகக் காலில் ஏறுகிறது. பிறகு மூச்சு. அத்தனை குதிரைகளும் சேர்ந்து இழுத்து விடும் மூச்சு. அதைக் கேட்டதும் எனக்கு ஏரிச் சாலையில் கடிவாளம் பிடித்து ஏற்றம் ஏறிய உடம்பு திரும்ப வந்தது. என் தோளுக்குப் பின்னால் அந்த மூச்சு படாத நாள் அப்போது கிடையாது.

என் பணம் முதல் வேலியிலேயே போய்விட்டது. மண்டே வாஷிங் தாண்டியது, நன்றாகவே தாண்டியது. தரையில் கால் பட்டபோது தடுமாறியது. மேலே இருந்தவர் அதன் தோள் வழியாக வழுக்கிப் புல்லில் உருண்டார். எழுந்து உட்கார்ந்து, சாட்டையால் தரையை ஒரு அடி அடித்தார். அவருக்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் என் கையில் இருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, அனுதாபமாகத் தலையை ஆட்டினார்.

குதிரை நிற்கவில்லை. முதுகில் ஆள் இல்லாமல், சேணத்தின் மிதிவளையம் இரண்டு பக்கமும் அடித்துக்கொள்ள, மற்றவற்றோடு ஓடியது. இரண்டாவது வேலியைத் தாண்டியது. ஓரமாகச் சுற்றிப் போக வழி இருந்தது. யாரும் தாண்டச் சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வேலியையும் தாண்டியது. ஒரு சுற்று முடிந்து எங்கள் பக்கம் வந்தபோது, ஏரியில் குதிரைகளைக் கூப்பிட நாங்கள் நாக்கை மடித்து எழுப்பும் ஒலியை எழுப்பினேன். நெடுநாளாகிவிட்டது. என் வாயில் இன்னும் இருந்தது. குதிரை காதைக்கூடத் திருப்பவில்லை.

சுமை இல்லாததால் அது களைக்கவில்லை. கடைசிச் சுற்றில் ஒவ்வொன்றாக முந்தியது. கடைசி வேலியைத் தாண்டும்போது அதற்கு முன்னால் எதுவும் இல்லை. எல்லைக் கம்பத்தை அதுதான் முதலில் கடந்தது. கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது, அதற்குப் பின்னால் வந்த குதிரைக்காக. ஆளில்லாமல் ஓடினால் கணக்கில் இல்லை. ஒலிபெருக்கியில் அதன் பெயரே சொல்லப்படவில்லை. ஒரு பெண் ஓடிப் போய்க் கடிவாளத்தைப் பிடித்து, அதன் கழுத்தைத் தட்டி ஓரமாக நடத்திப் போனாள்.

அந்தப் பந்தயத்தில் எங்கும் திரை கட்டவில்லை. எல்லாமே நடந்து திரும்பின. மீதிப் பந்தயங்களைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வெளியே வந்தேன்.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அட்டை பிடித்தவர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். ஜெனிதா தன் காரில் சாய்ந்து நின்றாள்.

"பஸ் வர நேரமாகும். ஏறுங்க."

அட்டை பின் இருக்கையில், படம் தெரியாமல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஜெனிதா வைப்பரைப் போட்டுக் காரை எடுத்தாள்.

"எந்தக் குதிரைக்குப் போட்டீங்க?"

சொன்னேன். ஆள் விழுந்ததையும், அது விழாமல் ஓடியதையும், முதலாவதாக வந்ததையும் சொன்னேன். ஏரிச் சத்தத்தை அது கண்டுகொள்ளாததைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சத்தத்தை ஒருதரம் எழுப்பிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அவளும் முயன்று பார்த்தாள், காற்றுதான் வந்தது.

"அப்போ அது ஜெயிக்கலையா?"

"கணக்குல இல்லம்மா."

"அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. யாரு சொல்லியிருக்கப் போறா."

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள். பிறகு, மைக்கேல் யார் என்று அவளாகவே கேட்டாள். அம்மா மருத்துவமனையில் அந்தப் பெயரையும் சொன்னாளாம். யாரோ மனிதர் என்று நினைத்து இத்தனை நாளும் என்னிடம் கேட்கத் தயங்கியிருக்கிறாள். வீடு வருகிறவரைக்கும் சொன்னேன். மாப்பிள்ளையின் கை, மழை, பஸ், குடை பிடித்த பெரியவர். வார்த்தை கிடைக்காத இடங்களில் அவளே ஆங்கிலத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நான் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொன்னேன்.

வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை.

"உள்ள வா. ரசம் இருக்கு. நெய் ஊத்தல."

"இல்லப்பா. ரோடு வழுக்கும். வெளிச்சம் இருக்கும்போது போகணும்."

இறங்கி, கதவை மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். தூறல் உள்ளே அடித்தது. அவள் அம்மாவின் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"அடுத்த வருஷமும் நான் அங்க நிப்பேன்" என்றாள்.

"சரிம்மா."

"நீங்க உள்ள போங்க, போகாம இருங்க. ஆனா கேட் வரைக்குமாச்சும் வாங்க. நாம பாக்கலாம்."

வர்றேன் என்றேன். அதற்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது.